வளையம் இருந்தால் கொள்கலன்

1

ரயில் என்ற சொல் என் காதில் விழாமல் போயிருந்தால் இந்தக் கதை கிடையாது.

ஆஸ்திரேலியாவில், லாவர்ட்டன் என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் சுங்கக் கிடங்கு. மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து மேசையில், சரக்கு எடுக்க வந்த இரண்டு பேர் ஒரு பெட்டியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓவியங்களை நாடு விட்டு நாடு அனுப்புகிற பெட்டி. ஒரு தடவை அனுப்பிவிட்டு உடைத்துப் போடுகிற ரகம் இல்லை. திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற ரகம்.

“அது மரம்டா. மரத்துலதான் வரும்.”

“உள்ள படம் இருந்தா படத்தோட வரும்.”

“ரெண்டு பேருமே தப்பு,” என்றது கெட்டில் பக்கமிருந்து மூன்றாவது குரல். “அது ரயில்ல வரும்.”

என் கரண்டி பாதி வழியில் நின்றது. ஓவியப் பெட்டிக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்?

அன்று மாலையே சுங்க அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லை தாண்டும் எல்லாப் பொருளுக்கும் ஒரு எண் உண்டு. எண்ணை வைத்துத்தான் தீர்வை. நாற்பத்துநான்காம் அத்தியாயம் மரம்: துணி மாட்டும் ஹேங்கரும், சவப்பெட்டியும், சரக்கு அடைக்கும் மரப்பெட்டியும் அங்கே அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. தொண்ணூற்றேழு, கலைப்பொருள். எண்பத்தாறில் ரயில் இன்ஜின், ரயில் பெட்டி, தண்டவாளச் சாமான். அவற்றுக்கு வால் பிடித்தாற்போல, சரக்குக் கொள்கலன்கள். கப்பலில் போனாலும் விமானத்தில் போனாலும் அவை ரயில் அத்தியாயத்தில்தான் டிக்கெட் வாங்கியாக வேண்டும்.

ஆக, கெட்டில்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அந்த ‘லாம்’தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

கேள்வி நிஜம். இனி வருகிற மனிதர்கள் என் கற்பனை. அவர்களை நம்ப வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. வாரப் பத்திரிகையில் வளர்ந்த கை, பெட்டி என்றதும் உள்ளே பிணத்தைத் தேடுகிறது. எழுதிப் பார்த்தவை:

“துறைமுகத்தின் குளிரைக் கிழித்துக்கொண்டு கிரேன் அலறியது. கடைசிப் பெட்டியின் அடியிலிருந்து, சொட்டுச் சொட்டாக, சிவப்பாக—”

வேண்டாம். அது பெயின்ட் என்று அடுத்த வரியில் சொன்னால் நீங்கள் அடிக்க வருவீர்கள்.

“தான் இளமையில் வரைந்த ஓவியத்தைச் சாவதற்கு முன் ஒரே ஒரு முறை பார்த்துவிடத் துடித்தாள் அந்தக் கிழவி. ஆனால் சுங்கத்துறை—”

இதுவும் வேண்டாம். அந்தக் கிழவியை ஏற்கெனவே பல கதைகளில் பலர் சாகடித்துவிட்டார்கள். அவளை விட்டுவிடுவோம்.

“பெட்டி என்பது யாது?”

கட்டுரை. நீங்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடுவீர்கள்.

கடைசியில், கத்தலில் தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். யாராவது கத்தினால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கத்துபவர் வூலா.

3

“யோவ் சால்வு! வளையம் எங்கய்யா?”

வூலா காரான்ட்ஸிஸ். சுங்க முகவர். யாராவில் என்ற பேட்டையில் ஒரு கேக் கடைக்கு மேலே ஆபீஸ். மற்றவர்களின் சரக்கைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துத் தருவது தொழில். அவள் நின்றுகொண்டிருந்தது சால்வுவின் ஷெட்டில். சால்வு, மால்ட்டாக்காரர், சமையலறை அலமாரி செய்துகொண்டிருந்த தச்சர். அலமாரியை விட்டுவிட்டு, ஓவியப் பெட்டிகளை ராட்டர்டாமிலிருந்து தருவித்து கேலரிகளுக்கு வாடகைக்கு விடும் தொழிலில் குதித்திருக்கிறார். குதிக்கச் சொன்னவள் வூலா. “அது கொள்கலன், சால்வு. தைரியமா எறங்கு” என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பி ஷெட்டை அடகு வைத்தார், பழைய வாடிக்கைக்காரர்களை வேறு தச்சரிடம் அனுப்பிவைத்தார்.

கொள்கலன் என்றால் என்ன லாபம்? பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் வரும், ஆளை இறக்கும், போகும். யாரும் பஸ்ஸுக்குத் தீர்வை கேட்பதில்லை. கொள்கலனும் அப்படித்தான், உள்ளே இருக்கிற ஓவியத்தை மட்டும் விசாரிப்பார்கள். அதே பெட்டியை மரப்பெட்டி என்று முடிவு செய்துவிட்டால், பெட்டியே பயணியாகிவிடும். ஒவ்வொரு முறை எல்லை தாண்டும்போதும் வரிசையில் நிற்க வேண்டும். கண்காட்சி தேதி வரிசைக்காகக் காத்திருக்காது. வரிசையில் நிற்கும் பெட்டியை எந்த கேலரியும் வாடகைக்கு எடுக்காது. சால்வுவின் தொழில் அன்றோடு சரி.

மாதிரிக்கு ஒரு பெட்டி விமானத்தில் முன்னாலேயே வந்துவிட்டது. மற்றவை கப்பலில். ‘இது கொள்கலன்தானே?’ என்று வூலா துறைக்கு விண்ணப்பம் போட்டாள். மாதிரியைப் பார்க்க அதிகாரி வந்திருக்கிறார். பெயர் லிண்டன்.

(“வாங்க சார்” என்று எழுதிவிட்டு அடித்தேன். இங்கே போலீஸ்காரரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் பேனாவுக்கு இன்னும் பழகவில்லை.)

லிண்டன், விண்ணப்பத்தோடு வந்த பெட்டியின் போட்டோவையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“படத்துல நாலு மூலைலயும் இரும்பு வளையம் இருக்கு. இங்க இல்லையே?”

அப்போதுதான் வூலா கத்தினாள்.

சால்வு சிரித்தார். பாராட்டை எதிர்பார்த்த சிரிப்பு. “கழட்டிட்டேன்.”

“எதுக்கு?”

“அசிங்கமா இருந்துச்சு வூலா. கேலரில வேலை பாக்கற பசங்க எல்லாம் கைல மெல்லிசா உறை போட்டிருப்பாங்க. வளையத்துல மாட்டிக் கிழியுது. தரைல கோடு விழுது. ஆபீசர் வர்றாரு, நல்லா இருக்கட்டும்னு கழட்டி, ஓட்டைய அடைச்சு, தேச்சு, பெயின்ட் அடிச்சுட்டேன்.” லிண்டனிடம் திரும்பினார். “எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பாப்போம்!”

“சால்வு, வாய மூடு.”

“இரும்மா, அவரு பாக்கட்டும்.”

லிண்டன் மண்டியிட்டார். பெட்டியின் மூலையில் விரலை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார். இன்னொரு மூலை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நகத்தால் தட்டினார்.

“கண்டுபிடிக்க முடியல.”

“பாத்தியா?” என்றார் சால்வு வூலாவிடம். “நம்ம கை!”

வூலா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “அய்யோ, நீ ஜெயிச்சுட்டய்யா. நல்லா ஜெயிச்சுட்ட. இப்ப அவரு என்ன எழுதுவாரு தெரியுமா? வளையம் இருந்ததுக்கு அடையாளமே இல்லைன்னு எழுதுவாரு.”

சால்வுவின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

4

இங்கே நிறுத்துகிறேன். லிண்டனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் வரைவில் அவர் வில்லன். மெல்லிய உதடு, அயர்ன் பண்ணிய காலர், சிரித்தால் நமக்குக் குளிரும். தொடர்கதைக்கு அப்படி ஒருவர் வேண்டும். ஆனால் மண்டியிட்டு, மரத்தை விரலால் தடவி, ‘கண்டுபிடிக்க முடியல’ என்று சொன்ன இடத்தில் அவர் என் கையை விட்டுப் போய்விட்டார். அந்த வாக்கியத்தை எழுதும்போது அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. நிஜமாகவே கண்டுபிடிக்க ஆசைப்பட்டிருக்கிறார். அப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு வில்லத்தனம் பண்ண முடியாது. காலரை மட்டும் வைத்துக்கொண்டு உதட்டை எடுத்துவிட்டேன்.*

அவருடைய சிக்கல் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவே ஒரு குட்டிக் கதை.

பொருளோடு சேர்ந்து வருகிற பெட்டி பொதுவாக அந்தப் பொருளின் எண்ணிலேயே போகும். பிஸ்கட்டோடு வந்த அட்டைப்பெட்டிக்கு யாரும் தனிக் கணக்கு எழுதுவதில்லை. ஆனால், திரும்பத் திரும்பப் பயன்படக்கூடியது என்று பார்த்தாலே தெரிந்தால், பெட்டி தனி, பொருள் தனி. ஒரு தடவைக்கு மேல் உழைக்கிற பெட்டிக்குச் சொந்தமாக ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப்போயிற்று. நானும் ஒரே பெட்டியில்தான் இத்தனை வருஷமாகச் சரக்கு அனுப்புகிறேன்: காணாமல் போன பெண், நல்லவன் போல ஒரு டாக்டர், வாரக் கடைசியில் கதவு தட்டும் சத்தம். உள்ளே எதை மாற்றினாலும் பெட்டி அதேதான். வாசகர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். நாகரிகம் கருதி—

சரி, அது வேறு கதை. லிண்டனுக்கு வருவோம்.

பெட்டி தனி என்றானபின், அது மரமா ரயிலா? பயணத்துக்கென்றே செய்யப்பட்டு, வண்டியோடு கட்டவும் தூக்கவும் பிடி வைத்திருந்தால் ரயில் அத்தியாயம். வெறும் மரமும் ஆணியும் என்றால் மரம். அந்தப் பிடிதான் வளையம். நான்கு இரும்புத் துண்டு. அவற்றைத்தான் சால்வு அழகுக்காகப் பிடுங்கிப் போட்டார்.

கேலரி உலகத்தோடு பழகுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. லாரிக்காரர் யாராவது வளையத்தைப் பிடுங்குவாரா? அவர் இன்னும் இரண்டு வை என்பார். ஓவியத்துக்கு நடுவே வாழ்கிறவர்களுக்குத்தான் பெட்டியும் ஓவியம் மாதிரி இருக்க வேண்டும் என்று தோன்றும்.

* காலர் ஏன் தேவை என்று கேட்டால், அவர் மண்டியிடும்போது அது கசங்க வேண்டும். அவ்வளவுதான்.

5

“ட்ரில் வண்டிலதான் இருக்கு,” என்றார் சால்வு. “வளையமும் டப்பால இருக்கு. நீங்க ஒரு காபி குடிச்சுட்டு வாங்க, மாட்டிடறேன்.”

லிண்டன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். “கப்பல்ல இருந்து எறங்கறப்ப எப்படி இருக்கோ, அதுதான் பொருள். அப்புறம் நீங்க அதுக்குக் கம்மல் போட்டாலும் சரி, மூக்குத்தி போட்டாலும் சரி.”

“அப்ப கவலையே இல்ல,” என்றாள் வூலா. அவள் குரலில் உயிர் வந்தது. “இது வெறும் மாதிரிப் பெட்டிதானே? விண்ணப்பம் கப்பல்ல வர்ற சரக்குக்கு. அதுல வளையம் இருக்கு. இவரு கை அதுல படல. இல்லையா சால்வு?”

சால்வு ஷெட் கதவைப் பார்த்தார்.

“சால்வு.”

“கை படல.”

“அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?”

“போன் பண்ணேன்.”

“யாருக்கு?”

“யோப்புக்கு.”

யோப், ராட்டர்டாமில் பெட்டி செய்கிறவர்.

“என்னன்னு?”

“வளையம் வேணாம்னு.”

வூலா சால்வுவை அடிக்கவில்லை. அடிப்பதற்குப் பக்கத்தில் ஒரு துடைப்பம் இருந்தது, அதை எடுத்து மூலையில் சாய்த்துவைத்தாள். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். சால்வு ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். சூடாக, ரிக்கோட்டா சீஸ் அடைத்த பஸ்டிட்ஸி, மால்ட்டா நாட்டு பப்ஸ்.

“இத வச்சு என் வாய அடைக்கப் பாக்காத.”

“ஆறிடும் வூலா.”

அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். லிண்டனும் தயங்கித் தயங்கி ஒன்றை எடுத்தார். (லஞ்சமா என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. ஒரு பஸ்டிட்ஸி. விடுங்கள்.)

கப்பல் வந்தது. சரக்கு சோதனைக் கொட்டகைக்குப் போயிற்று. கப்பல் கண்டெய்னரின் மூடிய கதவுக்கு முன்னால் மூன்று பேரும் மறுபடி நின்றார்கள். கதவில் சீல். லிண்டன் கையில் அதை வெட்டும் கத்தரி.

“இப்பவும் விண்ணப்பத்த வாபஸ் வாங்கலாம்,” என்றார். “மரப்பெட்டின்னு தீர்வை கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க. நாங்க எதுவும் எழுத மாட்டோம். வெட்டிட்டேன்னா, பாக்கறதத்தான் எழுதுவேன். எழுதினா அதுதான் நிக்கும்.”

வூலா சால்வுவைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனாள்.

“கேளு. வாபஸ் வாங்கினா, இந்தப் பெட்டிங்க காலத்துக்கும் மரம். ஆனா அடுத்த தடவ வளையத்தோட தருவிச்சு, புதுசா கேக்கலாம்.”

“அடுத்த தடவ எங்க இருக்கு? இதுக்கே ஷெட்ட அடகு வச்சுட்டேன்.”

“தொறந்து வளையம் இல்லைன்னா, எழுத்துல மரம்னு வந்துரும். அப்புறம் நீ தங்கத்துல வளையம் மாட்டிக் கொண்டுவந்தாலும் அந்தக் காகிதத்த எடுத்து முன்னால போடுவாங்க. நான் சொல்லித்தான் நீ எறங்கின. அதனால சொல்றேன், வாபஸ் வாங்கிடலாம்.”

சால்வு காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

“யோப்கிட்ட சரியா என்ன சொன்ன? வார்த்த மாறாம சொல்லு.”

“வளையம் வேணாம், கை கிழியுதுன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், ‘கப்பல்ல எதப் பிடிச்சுக் கட்டுவாங்க?’ன்னான். நான், ‘அதெல்லாம் தெரியாது, அசிங்கமா இருக்கு’ன்னேன். மறுபடி பேசல.”

“அப்புறம்?”

“எனக்குச் சங்கடமாப் போச்சு. ‘சரி யோப், உன் பெட்டியா இருந்தா எப்படிச் செய்வியோ, அப்படிச் செய்’னு சொல்லிட்டு வச்சுட்டேன்.”

வூலாவின் கண் விரிந்தது. “அத ஏன்யா முன்னாடியே சொல்லல?”

“கேக்கலையே!”

“அப்ப அவன் என்ன செஞ்சிருப்பான்?”

“தெரியாது வூலா. சத்தியமாத் தெரியாது.” சால்வு கதவைப் பார்த்தார். முகத்தில் பயம் கொஞ்சம் விலகி, வேறு ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. “உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இல்லையா?”

“எனக்கு உன் ஷெட் இருக்கணும்னுதான் இருக்கு.”

“ஷெட் என்னோடது. தொறக்கச் சொல்லு.”

வூலா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு லிண்டனிடம் திரும்பி, “வெட்டுங்க” என்றாள்.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. காட்டுகிறேன்.

ஒன்று. கதவு திறக்கிறது. வெளிச்சம் பட்டதும் உள்ளே பளிச் பளிச்சென்று வளையங்கள். சால்வு வூலாவைத் தூக்கிச் சுற்றுகிறார். லிண்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு—

இதை எழுதியதும் எனக்கு அலுத்துவிட்டது. இவ்வளவு சுலபமாகக் காப்பாற்றுவதற்கா அந்த மனுஷனை இத்தனை பக்கம் பதற வைத்தேன்?

இன்னொன்று. கதவு திறக்கிறது. மழமழவென்று மூலைகள். மரம். லிண்டன் பேனாவை எடுக்கிறார். சால்வு ஒரு பெட்டியின் ஓரத்தைத் தடவி, “நல்லா செஞ்சிருக்கான்” என்கிறார். நல்ல வரி அது, எனக்கே பிடித்திருந்தது. பிடித்த காரணத்தாலேயே சந்தேகம் வந்தது. ஒரு நல்ல வரிக்காக ஒருத்தருடைய ஷெட்டை எடுத்துக்கொள்வதா?

வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “பாதிப் பெட்டில இருக்கும், பாதில இருக்காது. அப்ப உங்க லிண்டன் என்ன பண்ணுவாரு?”

அதையும் எழுதிப் பார்த்தேன். லிண்டன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்படிப் பார்ப்பாரென்று நான் எதிர்பார்க்கவில்லை. கிழித்துவிட்டேன்.

சிக்கல் எங்கே என்பது அப்போதுதான் புரிந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு முடிவைத் தேடுகிறேன். முடிவு இந்தப் பக்கம் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு பட்டறையில், போனை வைத்த ஒரு மனிதரிடம் இருக்கிறது. அவருக்கு இந்தக் கதையில் ஒரு காட்சிகூட நான் எழுதவில்லை.

7

எழுதிப் பார்க்கிறேன். எனக்கு எட்டிய வரைக்கும்.

யோப். பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி. வாலிபத்தில் துறைமுகத்தில் சரக்கைக் கயிற்றால் கட்டுகிற வேலை. புயலில் கட்டு அறுந்தால் பெட்டி எப்படி நகரும் என்று அவருக்குத் தெரியும், அந்தச் சத்தம்—

இல்லை. இப்படி எழுதினால் வளையம் வைத்துவிடுவார். நான் தராசில் விரலை வைத்து அழுத்துகிறேன். மறு தட்டிலும் ஏதாவது போட வேண்டும்.

அவர் மனைவி ஓவியக்கூடத்தில் படம் மாட்டுகிறவர். கையுறை கிழிந்தால் சாயங்காலம் வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது முள் நடுவில் நிற்கிறது. இதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்ததுபோல எழுத எனக்கு வரும், அதுதான் என் பிழைப்பு. இந்த ஒரு தடவை வேண்டாமென்று தோன்றுகிறது. சால்வுவைப் போல எனக்கும் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. நானே செய்துவைத்த பதிலைத் திறந்து பார்த்து ஆச்சரியப்பட முடியாது.

கொட்டகையில் சீல் வெட்டுப்பட்டு விழுந்துவிட்டது. கதவுப் பிடி இறுகிக் கிடக்கிறது. லிண்டன் இழுக்கிறார், வரவில்லை. சால்வு கை கொடுக்கிறார். வூலா கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு, “தள்ளுங்கய்யா, ரெண்டு பேரும் பஸ்டிட்ஸிக்குத்தான் லாயக்கு” என்று தானும் பிடிக்கிறாள். இரும்பு கிறீச்சிடுகிறது.

அதற்குப் பல வாரம் முன்னால், ராட்டர்டாமில், யோப் பட்டறையில் தனியாக நிற்கிறார். போனை வைத்தாயிற்று. கடைசிப் பூச்சுக் காய்ந்து, பெட்டிகள் சுவரோரம் நிற்கின்றன. மேசைமேல் வளையங்கள் குவியலாகக் கிடக்கின்றன. அவர் ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரோடு, மறு கையால் ஒன்றை எடுத்துப் பெட்டியின் மூலையில் வைத்துப் பார்க்கிறார். அசிங்கமாகத்தான் இருக்கிறது. எடுக்கிறார். மறுபடி வைக்கிறார். பெட்டி ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது, வழியெல்லாம் கடல்.

அங்கே சால்வு என்று ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அட்டவணை, அத்தியாயம், ஷெட் எதுவும் அவருக்குத் தெரியாது. அவரிடம் இருப்பது ஒரு வாக்கியம்தான்: உன் பெட்டியாக இருந்தால் எப்படிச் செய்வாயோ, அப்படிச் செய்.

நான் அவர் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கி உங்களிடம் தருகிறேன். பிடி கொஞ்சம் சூடாக இருக்கும்.

பெட்டி இப்போது உங்களுடையது.